பின் வைப்பர் முனகுகிறது, அசையவில்லை: மோட்டாரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இது: 12 வருடம் ஆன எஸ்யூவி. டிக்கி கதவு மேல்நோக்கித் திறக்கும் வகை. பின் வைப்பர் சுவிட்சைப் போட்டால் பின்னாலிருந்து மெல்லிய முனகல் மட்டும் வருகிறது, வைப்பர் அசையவில்லை. பின் கண்ணாடிக்குத் தண்ணீரும் அடிப்பதில்லை. முன்பக்கம் வைப்பர், தண்ணீர் இரண்டும் சரியாக இருக்கின்றன. மெக்கானிக் "மோட்டார் போய்விட்டது, செட்டாக மாற்ற வேண்டும்" என்கிறார். அந்த மாடலுக்குப் புது மோட்டார் எளிதில் கிடைப்பதில்லை. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

முடியும். ஆனால் முதலில் ஒன்று: இன்றிலிருந்து அந்த சுவிட்சைத் தொடாதீர்கள். முனகல் கேட்கிறது என்றால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது, ஆனால் அதனால் சுற்ற முடியவில்லை. சுற்ற முடியாமல் நிற்கும் மோட்டார், ஓடும் மோட்டாரைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். அத்தனையும் காயிலில் சூடாகத்தான் போய்ச் சேரும். சூடேறினால் தானே துண்டித்துக்கொள்ளும் கட்-அவுட் சில மோட்டார்களுக்குள் உண்டு, பலவற்றில் கிடையாது. இல்லாதவற்றில் ப்யூஸ் போவதற்குள் காயில் கருகிவிடலாம். இப்போது உயிரோடு இருக்கும் மோட்டாரைச் சோதனை என்ற பெயரில் எரித்துவிட வேண்டாம்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் மோட்டார் போயிருக்க வாய்ப்பு குறைவு. வைப்பர் அசையாததும் தண்ணீர் வராததும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள் என்றே நினைக்கிறேன். வெளியே வராத தண்ணீர் எங்கே போகிறது? பல வண்டிகளில் பின் வாஷர் குழாய் டிக்கி கதவுக்குள் வந்து, வைப்பர் மோட்டாருக்குப் பக்கத்தில்தான் முடிகிறது. சில மாடல்களில் மோட்டாரின் தண்டே உள்ளே துளையுள்ளது, தண்ணீர் அதன் வழியாகத்தான் கண்ணாடிக்கு வரும். அந்த இணைப்பு கழன்றாலோ விரிசல் விட்டாலோ, லீவரைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் மோட்டாரின் மேல்தான் கொட்டும். அப்படி நனைந்து நனைந்து தண்டு துருப்பிடித்து இறுகியிருந்தால், புது மோட்டார் போட்டாலும் அதற்கும் அதே கதிதான். ஆகவே மோட்டாரை மாற்றுவது பற்றிய பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைப்போம்.

"பின் வைப்பர்தானே, விட்டுவிடலாம்" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. செடான் காரில் காற்று சாய்வான பின் கண்ணாடியை ஒட்டியே வழிந்து போகும், அதனால் பெரும்பாலான செடான்களுக்குப் பின் வைப்பர் தேவைப்படுவதில்லை. எஸ்யூவியின் பின்பக்கம் செங்குத்தாக வெட்டியதுபோல முடிகிறது. கூரையைத் தாண்டிய காற்று அங்கே உடைந்து சுழல்கிறது. சக்கரம் கிளப்பும் சேற்றுத் தண்ணீரை அந்தச் சுழல்தான் தூக்கிக் கண்ணாடியில் அப்புகிறது. ஐப்பசி மழையில் சென்னை ஜி.எஸ்.டி. சாலையில் அரை மணி நேரம் ஓட்டினால் போதும், பின்னால் வருவது லாரியா, பைக்கா என்று தெரியாது. பின்பக்கக் கேமரா இருந்தாலும் அது பொதுவாக ரிவர்ஸ் கியரில்தான் உதவும், லேன் மாறும்போது உதவாது.

இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். பின் வைப்பர் மோட்டார் 12 வோல்ட் டிசி மோட்டார். அதன் முனையில் திருகுபோன்ற புழுப்பல் கியர் (வோர்ம் கியர்) ஒன்று. அது ஒரு பெரிய பிளாஸ்டிக் கியரைச் சுற்றும். அந்தச் சுழற்சியை ஒரு சின்ன கிராங்க், இடமும் வலமுமான அசைவாக மாற்றி வெளித்தண்டுக்குக் கொடுக்கும். பெரிய கியரின் முகத்தில் ஒரு செம்புத் தகடு இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் பிளேடு கண்ணாடியின் அடியில் தன் இடத்துக்கு வந்து நிற்க அதுதான் காரணம். வெளித்தண்டு எஃகு. அது நுழைந்து வரும் கழுத்துப் பகுதி பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. இரண்டுக்கும் நடுவே கிரீஸ், மேலே தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒன்று. வெயிலில் ஓ-ரிங் காய்ந்து வெடித்தால் தண்ணீர் இறங்கும், அலுமினியம் வெள்ளை மாவாகப் பூக்கும். அந்த மாவு இடைவெளியை அடைத்துத் தண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பழைய வண்டிகளில் "செத்துப்போன" பின் மோட்டார் என்று கழற்றுபவற்றில் நிறைய இந்த வகைதான். நம் ஊரில் இது கூடுதலாக வருவதற்கும் காரணம் இருக்கிறது: எட்டு மாதம் யாரும் பின் வைப்பரைத் தொடுவதில்லை, முதல் மழைநாளில்தான் சுவிட்சைப் போடுகிறோம்.

ஆனாலும் தண்டுதான் என்று முடிவுகட்டும் முன் வயரையும் பார்த்துவிட வேண்டும். முனகல் இரண்டு காரணத்தால் வரலாம். ஒன்று, முழுக் கரண்ட் வந்தும் தண்டு இறுகியிருப்பது. இன்னொன்று, தண்டு நன்றாக இருந்தும் மோட்டாருக்கு அரைகுறைக் கரண்ட் வருவது. டிக்கி கதவைத் திறந்து மேலே கீல் பக்கம் பாருங்கள். கூரையிலிருந்து கதவுக்குப் போகும் மடிப்பு ரப்பர் குழாய் தெரியும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதற்குள் இருக்கும் வயர்கள் மடங்கி நிமிர்கின்றன. பத்து வருடத்தில் மேலுறை வெடித்து, செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். ஸ்கார்ப்பியோ, முதல் தலைமுறை சஃபாரி போலப் பக்கவாட்டில் திறக்கும் கதவுள்ள வண்டிகளில் இதே குழாய் கீல் இருக்கும் பக்கத்தில் இருக்கும்.

ரப்பர் குழாயின் ஒரு முனையை மெதுவாகப் பிதுக்கிக் கழற்றி, வயர்களை ஒவ்வொன்றாக லேசாக இழுத்துப் பாருங்கள். உள்ளே அறுந்த வயர் உறை மட்டும் ரப்பர்போல நீளும், அதிலேயே தெரிந்துவிடும். பின் டிஃபாகர் (கண்ணாடியில் படியும் ஈரப்படலத்தைப் போக்கும் சூட்டுக் கம்பிகள்), நம்பர் பிளேட் விளக்கு, சென்டர் லாக் ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்தே தகராறு செய்தால் சந்தேகம் இந்த இடத்தின் மேல்தான். எர்த் வயர் அறுந்திருந்தால் இன்னும் குழப்பமாக இருக்கும்: கரண்ட் வேறு விளக்குகளின் வழியாகத் திரும்பப் பார்க்கும், பிரேக் மிதித்தால் வேறேதோ மங்கலாக எரியும்.

இந்த இடத்தில் மல்டிமீட்டரை மட்டும் நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். கனெக்டரைக் கழற்றிவிட்டு வயர் முனையில் மீட்டரை வைத்தால், ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட் இழுப்பதில்லை. மோட்டார் இழுக்கும்போதுதான் அந்த வோல்ட் விழும். அதனால் கனெக்டரை மாட்டியபடியே, பின்பக்கத்திலிருந்து மீட்டர் ஊசியைச் செருகி, ஒருவர் இரண்டு விநாடி மட்டும் சுவிட்சைப் போட, இன்னொருவர் அளக்க வேண்டும். சுவிட்சைத் தொடாதீர்கள் என்றதற்கு இந்த இரண்டு விநாடி மட்டும் விலக்கு. பேட்டரியில் 12.5 இருக்கும்போது மோட்டார் முனையில் 11-க்கு மேல் நின்றால் வயர் பரவாயில்லை. 8, 9 என்று சரிந்தால் வயர்தான் குற்றவாளி. பிறகு மீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் எர்த் வயரிலும் மறு முனையைக் கதவுக்கு வெளியே வண்டி பாடியில் பெயிண்ட் இல்லாத நல்ல இரும்பிலும் வைத்து, அதே சோதனையைச் செய்யுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பழுது. மீட்டர் இல்லையென்றால் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் வைத்து டெஸ்ட் லேம்ப் செய்துகொள்ளலாம். அது கரண்ட் இழுக்கும் என்பதால் இந்த வேலைக்கு மீட்டரைவிட நேர்மையானது.

வயர் அறுந்திருந்தால் அந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றாதீர்கள், சில மாதத்தில் மறுபடி அறும். மடங்கும் பகுதி முழுவதையும் தாண்டி, இரு பக்கமும் அசையாத இடத்தில் ஜாயின்ட் வரும்படி, மெல்லிய இழைகள் நிறைந்த வளையும் வயரைப் புதிதாகப் போடுங்கள். தடிமன் பழையதற்குக் குறையக் கூடாது. ஜாயின்ட்களை ஒரே இடத்தில் குவிக்காமல் முன்னும் பின்னுமாக வைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டுங்கள். சால்டர் வைத்த இடம் விறைத்துவிடும், அது ரப்பர் குழாய்க்குள் வரவே கூடாது.

சரி, வயர் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வைப்பர் கையை (பிளேடைத் தாங்கும் ஆர்ம்) கழற்ற வேண்டும். பிளேடு இப்போது நிற்கும் இடத்தில் கண்ணாடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினால் நட் தெரியும், பெரும்பாலும் 10 அல்லது 13 ஸ்பேனர். கழற்றும் முன் நட்டை ஆட்டிப் பாருங்கள். நட் தளர்ந்து, கையின் உள்பற்கள் தேய்ந்து, தண்டு மட்டும் சும்மா சுற்றும் கோளாறும் உண்டு. அதில் மோட்டார் முழுச் சத்தத்தோடு ஓடும், கை மட்டும் அசையாது. உங்களுடையது அதுவல்ல என்றே தோன்றுகிறது, ஆனாலும் பார்க்க ஒரு நிமிடம்தான்.

நட் வந்த பிறகும் கை வராது. பத்து வருடத் துரு பற்களுக்குள் ஒட்டிப் பிடித்திருக்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்து, சின்ன வைப்பர் புல்லரை (கையை இழுத்துக் கழற்றும் கருவி) மாட்டி மெதுவாகத் திருகுங்கள், டக்கென்று ஒரு சத்தத்தோடு விடும். ஸ்க்ரூடிரைவரைக் கண்ணாடியில் முட்டுக்கொடுத்து நெம்புவதை மட்டும் செய்யவே கூடாது. முன் கண்ணாடி இரண்டு தகடுகளை நடுவில் படலம் வைத்து ஒட்டியது, அடிபட்டால் விரிசலோடு நிற்கும். பின் கண்ணாடி பொதுவாக டெம்பர்டு கண்ணாடி, ஓரத்தில் ஒரு சின்ன அழுத்தம் பட்டால் முழுதும் பொடியாகக் கொட்டிவிடும். இந்த வேலையில் பெரிய செலவு வைக்கக்கூடிய ஒரே இடம் இதுதான்.

கை வந்ததும் தண்டின் முனையை பிளையரால் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். புழுப்பல்லும் பெரிய கியரும் பூட்டியிருப்பதால் சாதாரணமாகவே அது முழுதும் சுற்றாது, ஆனால் துளி ஆட்டம் இருக்கும். சிமென்ட் வைத்ததுபோல நின்றால் நோய் தெரிந்துவிட்டது.

இனி கதவின் உள்பக்க பிளாஸ்டிக் பேனல். இதை வெயிலில் வண்டி கொஞ்சம் சூடான பிறகு கழற்றுங்கள், கிளிப்புகள் இளகியிருக்கும், உடைவது குறையும். இருந்தாலும் சில உடையும், மாற்றுக் கிளிப்புகளை முன்பே வாங்கி வையுங்கள். பேனலுக்குப் பின்னால் தண்ணீர் தடுக்கும் பிளாஸ்டிக் ஷீட் இருந்தால் கிழிக்காமல் உரியுங்கள், திரும்ப ஒட்ட வேண்டும். உள்ளே கை விட்டு ஈரம், வெள்ளைக் கறை, துருக்கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை மண்ணால் அடைத்திருந்தால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி நிற்கும், உள்ளிருந்தே துரு ஏறும். ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

கனெக்டரை எடுத்து, போல்ட்களைக் கழற்றினால் மோட்டார் கைக்கு வந்துவிடும். மேஜை மேல் வைத்து வேலை பார்ப்பது இனி சுலபம். தண்டின் வெளிமுனையில் ஒரு சர்க்லிப் (தண்டைப் பிடித்து வைக்கும் வளையக் கிளிப்), அதன் கீழே வாஷர், ஓ-ரிங் என்று வரும். எது எந்த வரிசையில் வந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கியர் பெட்டியின் மூடி சிலவற்றில் ஸ்க்ரூ, சிலவற்றில் ரிவெட். ரிவெட் என்றால் துளையிட்டு எடுத்து, பிறகு சின்ன ஸ்க்ரூ போட்டு மூடலாம். மூடியைத் திறந்ததும் முதல் வேலை இன்னொரு படம். கிராங்க் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, செம்புத் தகட்டின் மேல் எந்த முள் உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரிய வேண்டும். மாற்றிப் பூட்டினால் பிளேடு கண்ணாடி நடுவில் போய் நிற்கும்.

தண்டில் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிடுவது நல்லது. மறுநாள் பிளையரால் சிறிது சிறிதாக இருபுறமும் அசைத்து அசைத்து இளக்கி, பிறகு வெளிமுனையில் மரக்கட்டை வைத்துத் தட்டி கியர் பெட்டிப் பக்கமாக வெளியே எடுங்கள். சுத்தியலால் நேராக அடித்தால் மரை நசுங்கி நட் ஏறாது. பழைய நட்டை முனைவரை ஏற்றி அதன் மேல் கட்டையை வைத்தால் மரைக்குப் பாதுகாப்பு. சூடு காட்ட வேண்டுமென்றால் ஹீட் கன்னால் அலுமினியக் கழுத்தை மட்டும் லேசாக. உள்ளே பிளாஸ்டிக் கியர் இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும்.

வெளியே வந்த தண்டை 600 நம்பர் உப்புத்தாளால் பளபளவென்று தேயுங்கள். கழுத்தின் உட்புறத்துக்கு உப்புத்தாளை ஒரு குச்சியில் சுற்றி, வெள்ளை மாவு போகும்வரை மட்டும் தேய்த்தால் போதும், அதிகம் தேய்த்தால் ஆட்டம் வந்துவிடும். பெட்ரோலில் துடைத்துக் காயவைத்து, லித்தியம் கிரீஸ் தாராளமாகப் பூசிப் பொருத்துங்கள். ஸ்ப்ரே எண்ணெய் இளக்குவதற்கு மட்டும்தான், அதையே மசகாக நம்பினால் சில வாரத்தில் காய்ந்துவிடும். ஓ-ரிங் கட்டாயம் புதிது. பழையதை எடுத்துக்கொண்டு பேரிங், ஆயில் சீல் விற்கும் கடைக்குப் போனால் அளவு பார்த்துக் கொடுப்பார்கள், சில ரூபாய்தான். செம்புத் தகட்டை உலர்ந்த துணியால் துடையுங்கள். அதன் மேல் கெட்டியான பழைய கிரீஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள், மோட்டார் தன் இடத்தில் நிற்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கதவில் மாட்டும் முன் பேட்டரியில் நேரடியாக ஓட்டிப் பார்க்கலாம். நடுவில் 10 ஆம்பியர் ப்யூஸ் ஒன்று கட்டாயம் இருக்கட்டும் (சிவப்பு நிற பிளேடு ப்யூஸ்). கனெக்டரில் எந்த முள் எதற்கு என்பது மாடலுக்கு மாடல் மாறும், வயரிங் படம் இல்லாமல் ஊகித்துக் கொடுக்காதீர்கள். அப்படிச் சந்தேகம் இருந்தால் வண்டியின் கனெக்டரிலேயே செருகி, மோட்டார் உடலுக்கு எர்த் தேவைப்பட்டால் ஒரு வயரால் பாடியோடு சேர்த்து, சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். தண்டு இளகிய மோட்டார் கிட்டத்தட்ட சத்தமே இல்லாமல் போய் வரும்.

இனி தண்ணீர். இதைச் சரிசெய்யாமல் பேனலை மூடவே கூடாது. பல வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே பம்ப்தான்: ஒரு திசையில் சுற்றினால் முன்பக்கம், எதிர்த் திசையில் சுற்றினால் பின்பக்கம். முன்னால் தண்ணீர் வருவதால் தொட்டியிலும் பம்பிலும் பெரிய குறை இருக்காது. பின் லீவரைத் தள்ளும்போது பம்ப் சத்தம் கேட்டால் தண்ணீர் கிளம்புகிறது, வழியில் எங்கோ தப்புகிறது அல்லது முனையில் அடைத்திருக்கிறது. வைப்பரை இன்னும் மாட்டாத இந்த நேரத்தில், மோட்டார் கனெக்டரைக் கழற்றி வைத்துவிட்டு லீவரைத் தள்ளி, கதவுக்குள் டார்ச் அடித்தால் ஒழுகும் இடம் தெரியும். கதவுக்குள் ஈரமே இல்லையென்றால் பின் தூண் பேனலையும் கூரைத் துணியின் ஓரத்தையும் தொட்டுப் பாருங்கள், குழாய் ஜாயின்ட் விடும் இன்னொரு இடம் அந்த மடிப்பு ரப்பர் குழாய்க்குள்தான். வெடித்த குழாய்க்கு அதே அளவு புதுக் குழாய் போடுங்கள், டேப் தாங்காது. எங்கும் ஒழுகாமல் முனையில் மட்டும் வரவில்லையென்றால் நாஸிலில் உப்பு அடைத்திருக்கும். மெல்லிய ஊசியால் சுத்தம் செய்யுங்கள். சென்னை போர்வெல் தண்ணீரை வாஷர் தொட்டியில் ஊற்றுகிறவர்களுக்கு இது திரும்பத் திரும்ப வரும், ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுவது மேல்.

எல்லாம் மாட்டிய பிறகும் அசையவில்லை, முனகலும் இல்லை என்றால் டேஷ்போர்டில் "கதவு திறந்திருக்கிறது" விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். டிக்கி முழுதாக மூடவில்லை என்று பூட்டின் சுவிட்ச் சொன்னால், சில வண்டிகள் பின் வைப்பருக்குக் கரண்டே விடாது. டொயோட்டா 4ரன்னரில் பின் கண்ணாடி முழுதாக மேலே ஏறியிருந்தால்தான் பின் வைப்பர் ஓடும், அது வடிவமைப்பே அப்படி.

வைப்பர் கையை மாட்டும் வரிசை முக்கியம். முதலில் கை இல்லாமல் சுவிட்சைப் போட்டு, ஒரு சுற்று ஓடவிட்டு, அணைத்து, தண்டு தன் இடத்தில் வந்து நிற்கட்டும். அதன் பிறகு டேப் அடையாளத்துக்கு நேராகக் கையை வைத்து நட்டை இறுக்குங்கள். பிளேடு ரப்பரையும் இதோடு மாற்றிவிடுங்கள், வெயிலில் காய்ந்த ரப்பர் கண்ணாடியைக் கீறும். இனி வாரம் ஒரு தரம், தண்ணீர் அடித்து, நாலைந்து வீச்சு ஓடவிடுங்கள். உலர்ந்த கண்ணாடியில் வேண்டாம்.

தண்டு இளகிய பிறகும், முழு வோல்ட் வந்தும் மோட்டார் சுற்றவில்லை, அல்லது திறந்தபோதே கருகிய வாடை அடித்தது, பிளாஸ்டிக் கியரின் பல் உடைந்திருந்தது என்றால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி, மாற்றத்தான் வேண்டும். புதுசு கிடைக்காத பட்சத்தில் சென்னையில் ஜி.பி. ரோடு கடைகளில் கேளுங்கள், இல்லையென்றால் புதுப்பேட்டையில் கழற்றிய மோட்டார் தேடலாம். பழைய மோட்டாரைக் கையோடு எடுத்துப் போங்கள். அதில் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பர், கனெக்டரின் பின்கள், போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, தண்டின் நீளம், அதன் பற்கள் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். வீச்சின் கோணம் மாறினால் பிளேடு கண்ணாடியைத் தாண்டிப் போய் பாடியில் இடிக்கும், அதையும் கேளுங்கள். காசு கொடுக்கும் முன் கடை பேட்டரியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓடினாலும், வண்டியில் மாட்டும் முன் அந்த மோட்டாரின் தண்டையும் கழற்றி, புது ஓ-ரிங்கும் கிரீஸும் போட்டுவிடுங்கள். அதுவும் உங்கள் வண்டியின் வயதுடைய வண்டியிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.